கேட்டது 119, போனது 218: ஓநாய்களும் ஒரு கன்ட்ரோல் சிஸ்டம் பாடமும்



கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர் படிச்சவங்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு சிஸ்டத்துக்கு நீங்க கொடுத்த டார்கெட் 119. வெளியே வந்த அவுட்புட் 218. ஓவர்ஷூட் எவ்வளவு? 99-ஐ 119-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 83 சதவீதம். லேப்ல இப்படி வந்தா ரெக்கார்டு நோட்டுல கையெழுத்து கிடைக்காது. கெயினைக் குறைச்சு, சென்சாரைச் சரிபார்த்து, மறுபடியும் ரன் பண்ணச் சொல்வாங்க.

ஆனா இது லேப் கணக்கு இல்லை. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம், தன் வேட்டைக்காரர்கள் 119 ஓநாய்களைக் கொல்லலாம் என்று அனுமதி கொடுத்தது. மூன்று நாள் முழுசா முடியறதுக்குள்ள 218 ஓநாய்கள் செத்துவிட்டன. இங்கே மறுபடி ரன் பண்ண வழியில்லை.

மற்ற விலங்குகளைக் கொன்று தின்னும் ஓநாய், புலி, சிறுத்தை போன்றவற்றை இரைகொல்லிகள் என்கிறோம். இவற்றை வேட்டையாடி எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தலாமா, கூடாதா என்ற சண்டை பல நாடுகளில் பல வருஷமா நடக்குது. ஒரு பக்கம் "கொலைகாரங்க", இன்னொரு பக்கம் "ஏசி ரூம்ல உக்காந்து பேசறவங்க" என்று திட்டிக்கொள்வதிலேயே நேரம் போய்விடுகிறது. நீங்க எந்தப் பக்கம் நின்றாலும் சரி, பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் மூன்று. எத்தனை இருக்குன்னு எப்படித் தெரியும்? போதும்னா எவ்வளவு சீக்கிரம் நிறுத்த முடியும்? இத்தனைதான் இருக்கணும்னு முடிவு பண்றது யாரு? விஸ்கான்சின் கதையை வைத்து இந்த மூன்றையும் படிப்போம்.

1. ஒழித்தார்கள், அது திரும்பி வந்தது

ஒரு காலத்தில் அமெரிக்காவில் ஓநாயைக் கொல்வது அரசாங்க வேலை. ஓநாய்த் தலைக்குப் பரிசுப் பணம் கொடுத்தார்கள். 1915-ல் இதற்கென்றே மத்திய அரசு நிதி ஒதுக்கியது. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் கடைசி ஓநாய்கள் 1926-ல் கொல்லப்பட்டன. கொன்றவர்கள் பூங்காவின் ஊழியர்களே. விஸ்கான்சினில் பரிசுப் பணம் 1957 வரை இருந்தது. 1960 வாக்கில் அங்கே ஓநாய்க் கூட்டமே இல்லாமல் போயிற்று.

பிறகு காற்று திசை மாறியது. 1973-ல் அழியும் நிலையில் உள்ள உயிரினங்களுக்கான சட்டம் வந்தது. அடுத்த வருஷமே ஓநாய் அந்தப் பட்டியலில் ஏறியது. யெல்லோஸ்டோனுக்கு 1995, 1996 ஆண்டுகளில் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டார்கள். விஸ்கான்சினுக்கு யாரும் கொண்டுவரவில்லை. பக்கத்து மாநிலமான மினசோட்டாவில் மிச்சமிருந்த ஓநாய்கள் 1970-களின் நடுவில் தாமாகவே நடந்து வந்தன.

1999-ல் மாநில அரசு ஒரு நிர்வாகத் திட்டம் போட்டது. அதில் எழுதிய இலக்கு 350 ஓநாய்கள். இந்த 350-ஐ மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும். ஏன்னா 2020 வாக்கில் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டிவிட்டது.

2. வோல்டெராவின் மீன் கணக்கு

வேட்டைக்குப் போவதற்கு முன் கொஞ்சம் மாத்ஸ். டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன் எதுக்குடா படிக்கிறோம்னு கேட்டவங்களுக்கு இது பதில்.

முதல் உலகப் போர் சமயத்தில் அட்ரியாட்டிக் கடலில் மீன்பிடிப்பு வெகுவாகக் குறைந்தது. ஃபியூமே துறைமுகத்தில் இறங்கிய மீன்களில், சுறா, திருக்கை போன்ற இரைகொல்லி மீன்களின் பங்கு 1914-ல் 11.9 சதவீதம். 1918-ல் 36.4 சதவீதம். போர் முடிந்து படகுகள் கடலுக்குப் போனதும் பங்கு மீண்டும் இறங்கியது. உம்பர்ட்டோ டான்கோனா என்ற உயிரியலாளருக்கு இது புரியவில்லை. மீன்பிடிப்பு குறைந்தால் எல்லா மீனும்தானே பெருக வேண்டும்? சுறா மட்டும் ஏன் பங்கில் முந்துகிறது? கணிதப் பேராசிரியர் வீட்டோ வோல்டெராவிடம் போய்க் கேட்டார். டான்கோனா அவருக்கு மருமகனானவரும்கூட.

வோல்டெரா இரண்டே சமன்பாடுகள் எழுதினார். முதலாவது இரைக்கு: இரை தானாகப் பெருகும், இரைகொல்லியைச் சந்திக்கும்போதெல்லாம் குறையும். இரண்டாவது இரைகொல்லிக்கு: சாப்பாடு இல்லாவிட்டால் தானாகக் குறையும், இரையைச் சந்திக்கும்போதெல்லாம் பெருகும். அமெரிக்காவில் ஆல்பிரட் லோட்கா தனியாக இதே சமன்பாடுகளுக்கு வந்திருந்ததால் இரண்டு பேர் பெயரும் சேர்ந்து நிற்கிறது.

இந்தச் சமன்பாடுகள் தரும் விடை வேடிக்கையானது. இரையின் சராசரி எண்ணிக்கை, இரைகொல்லி எவ்வளவு வேகமாகச் சாகிறது என்பதைப் பொறுத்தது. இரைகொல்லியின் சராசரியோ, இரை எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்பதைப் பொறுத்தது. வலை போட்டு இரண்டையும் ஒரே விகிதத்தில் பிடித்தால் இரைகொல்லியின் இறப்பு கூடும், அதனால் இரையின் சராசரி ஏறும். இரையின் பெருக்கம் குறையும், அதனால் இரைகொல்லியின் சராசரி இறங்கும். அடி இருவருக்கும் சமம், வலி இரைகொல்லிக்கு மட்டும். மீன்பிடிப்பு நின்றபோது நடந்தது இதன் தலைகீழ்.

ஆனா ஒரு எச்சரிக்கை. இது மாடல்தான், காடு இல்லை. அரிசோனாவின் கைபாப் பீடபூமி இதற்கு நல்ல உதாரணம். 1906-ல் அதை மான்களுக்கான காப்பிடமாக அறிவித்து, மலைச்சிங்கம், ஓநாய், கோயோட்டி எல்லாவற்றையும் கொன்று தள்ளினார்கள். மான்கள் ஏகத்துக்கும் பெருகி, 1920-களின் நடுவில் தின்ன எதுவும் இல்லாமல் ஆயிரக்கணக்கில் செத்தன. "இரைகொல்லியை எடுத்தால் இதுதான் கதி" என்று பல பாடப் புத்தகங்கள் எழுதின. 1970-ல் கிரேம் காக்லி என்ற ஆய்வாளர் அந்தக் கணக்கைக் கிளறினார். மான் எண்ணிக்கைகள் வெறும் உத்தேசங்கள். அதோடு அதே காலத்தில் அங்கே மேய்ந்துகொண்டிருந்த ஆடு மாடுகளின் எண்ணிக்கையும் பெரிதும் குறைக்கப்பட்டிருந்தது. புல் கூடியதால் மான் கூடியதா, சிங்கம் குறைந்ததால் கூடியதா? பிரிக்க முடியாது. ஒரே நேரத்தில் இரண்டு வேரியபிளை மாற்றிவிட்டு ஒன்றின்மேல் மட்டும் பழி போடக் கூடாது என்பது நமக்குத் தெரிஞ்ச பாடம்தானே.

3. அந்த மூன்று நாள்

சரி, விஸ்கான்சினுக்குத் திரும்புவோம். 2012-ல் மாநிலம் ஒரு சட்டம் போட்டது. மத்திய அரசின் பாதுகாப்புப் பட்டியலில் ஓநாய் இல்லாத காலங்களில் மாநில இயற்கை வளத் துறை வேட்டை நடத்தியே ஆக வேண்டும். "நடத்தலாம்" அல்ல, "வேண்டும்". 2012, 2013, 2014-ல் வேட்டை நடந்தது. 2014 டிசம்பரில் நீதிமன்றம் ஓநாயை மறுபடி பட்டியலில் சேர்த்ததால் நின்றது. 2021 ஜனவரியில் ஓநாய் மீண்டும் பட்டியலை விட்டு வெளியே வந்தது.

அந்த வருஷம் நவம்பரில் வேட்டை வைத்துக்கொள்ளலாம், அதுவரை தயாராகலாம் என்பது துறையின் திட்டம். கான்சாஸைச் சேர்ந்த ஒரு வேட்டைக்காரர் அமைப்பு வழக்குப் போட்டது. பிப்ரவரி முடிவதற்குள் நடத்து என்று நீதிபதி உத்தரவிட்டார். அவசர அவசரமாகத் துறை 200 என்று ஒதுக்கீடு வைத்தது. அதில் ஒஜிப்வே பழங்குடியினருக்கு அவர்களின் ஒப்பந்த உரிமைப்படி 81. மற்ற வேட்டைக்காரர்களுக்கு 119. பிப்ரவரி 22 காலையில் தொடங்கி 24 மதியம் எல்லாப் பகுதியும் மூடப்பட்டபோது கணக்கு 218. அதாவது 119-ஐ மட்டுமில்ல, மொத்த ஒதுக்கீடான 200-ஐயே தாண்டிவிட்டது.

ஏன் இப்படி ஆச்சு? நம்ம பாஷையில் பார்ப்போம்.

முதலில் கெயின். முந்தைய சீசன்களில் ஒரு ஓநாய்க்குப் 10 பெர்மிட் என்ற கணக்கு. இந்த முறை 20. அப்படி அனுமதித்த 2,380 பெர்மிட்டில் 1,548 விற்றன. புதுசா பெய்த பனியில் கால்தடம் பளிச்சென்று தெரிந்தது. வேட்டை நாய்களைப் பயன்படுத்தவும் அனுமதி இருந்தது. கொல்லப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை நாய்களின் உதவியோடு கொல்லப்பட்டவைதான்.

இரண்டாவது தாமதம். ஓநாயைக் கொன்றவர் அதைப் பதிவு செய்ய 24 மணி நேரம் உண்டு. வேட்டையை மூடுவதாக இருந்தால் துறை 24 மணி நேரம் முன்னறிவிப்பு தர வேண்டும். அதாவது அதிகபட்சமாக 48 மணி நேர டெட் டைம்.

இப்போ பேனாவை எடுங்க. மூன்று நாளில் 218 என்றால் ஒரு நாளைக்குச் சராசரி 73. டெட் டைம் 2 நாள். இரண்டையும் பெருக்கினால் 146. ஒதுக்கீடு நிரம்பிய கணத்திலிருந்து வேட்டை நிஜமாகவே நிற்பதற்குள் 146 ஓநாய்கள் வரை சாகலாம். உங்க டார்கெட்டே 119. அதாவது தாமதத்தில் மட்டும் சாகக்கூடியவையே டார்கெட்டைவிட அதிகம்! இங்கே எந்த அதிகாரி தூங்கினார் என்று தேட வேண்டியதே இல்லை. சிஸ்டத்தின் டிசைனே அப்படி.

இதே கணக்கை 2012-க்குப் போடுங்க. அக்டோபர் நடுவில் தொடங்கி டிசம்பர் வரை நீண்ட சீசன், கொல்லப்பட்டவை 117. ஒரு நாளைக்கு இரண்டுக்கும் குறைவு. டெட் டைம் அதே 2 நாள் என்று வைத்தாலும் மூன்று, நான்குதான் மீறும். உண்மையில் மீறியது ஒன்று. ஒதுக்கீடு 116, கொன்றது 117. 2013-ல் 251-க்கு 257. 2014-ல் 150-க்கு 154. கெயின் குறைவாக, வேகம் மெதுவாக இருந்தபோது அதே மாநிலம் கிட்டத்தட்ட சரியாகவே நிறுத்தியிருக்கிறது. ஆகவே "வேட்டையைக் கட்டுப்படுத்தவே முடியாது" என்பதும் உண்மையில்லை. "ஒதுக்கீடு வச்சாச்சு, அது போதும்" என்பதும் உண்மையில்லை.

இன்னொரு விஷயம் நேரம். பிப்ரவரி ஓநாய்களின் இனச்சேர்க்கைக் காலம். கர்ப்பம் 63 நாள் அளவு. ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம்: அப்பா, அம்மா, ஒன்றிரண்டு வருஷத்துக் குட்டிகள். குட்டி போடும் ஜோடியில் ஒன்று போனால் அந்த வருஷக் குட்டிகளும் போகலாம், கூட்டமே சிதறலாம். வோல்டெராவின் சமன்பாட்டில் ஒரு சுறா போனால் ஒன்று குறைவு, அவ்வளவுதான். ஓநாயில் எது போனது என்பதும் கணக்கு.

4. சென்சார் எவ்வளவு துல்லியம்?

மூன்று கேள்விகளில் முதல் கேள்வி: எத்தனை இருக்குன்னு எப்படித் தெரியும்?

காட்டில் அட்டெண்டன்ஸ் எடுக்க முடியாது. பனிக்காலத்தில் தன்னார்வலர்களும் ஊழியர்களும் சாலைகளில் மெதுவாக வண்டி ஓட்டிக் கால்தடம் தேடுகிறார்கள். சில ஓநாய்களுக்கு ரேடியோ காலர் மாட்டி, ஒரு கூட்டம் எவ்வளவு பரப்பில் திரிகிறது என்று பார்க்கிறார்கள். ஓநாய் இருக்கும் மொத்தப் பரப்பு, ஒரு கூட்டத்தின் பரப்பு, ஒரு கூட்டத்தில் சராசரி எத்தனை. இந்த மூன்றையும் சேர்த்துத்தான் மொத்த எண்ணிக்கை வருகிறது. ஒவ்வொன்றிலும் பிழை உண்டு, பெருக்கும்போது பிழையும் பெருகும்.

வேட்டைக்கு அடுத்த பனிக்காலத்தில், அதாவது 2021-22-ல், துறை சொன்ன எண்ணிக்கை 972. முந்தைய பனிக்காலத்தின் 1,126-ஐவிட 14 சதவீதம் குறைவு. ஆனால் இந்த 972-க்குப் பக்கத்தில் ஒரு வரி உண்டு: 812 முதல் 1,193 வரை. புள்ளியியல் பேப்பரில் படித்த அதே 95 சதவீத கான்ஃபிடன்ஸ் இன்டர்வல். கவனிச்சீங்களா? மேல் எல்லை முந்தைய வருஷ எண்ணையே தாண்டுது! பேப்பரில் தலைப்புச் செய்தியாக 972 மட்டும்தான் வரும். முடிவெடுப்பவர் படிக்க வேண்டியது அந்த இரண்டாவது வரி.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஏட்ரியன் ட்ரீவ்ஸ் குழு 2021-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கடுமையாகச் சொன்னது. சட்டப்படி கொன்ற 218-க்கு மேல், பாதுகாப்பு நீங்கியதால் இன்னும் நூறு ஓநாய்கள் அளவு, பெரும்பாலும் கணக்கில் வராத திருட்டு வேட்டையில், செத்திருக்கும். ஆக ஒரு வருஷத்தில் எண்ணிக்கை 27 முதல் 33 சதவீதம் விழுந்திருக்கும் என்பது அவர்கள் மதிப்பீடு. துறை அதை ஏற்கவில்லை. 14-ஆ, 30-ஆ? பதிவுக்கே வராத சாவை எப்படி எண்ணுவது என்பதில்தான் இந்த இழுபறி.

5. இரண்டு பக்கமும் கேட்போம்

வேட்டை வேண்டும் என்பவர்கள் சொல்வதை முதலில் பார்ப்போம். ஓநாய் திரும்பி வந்தது பெரிய வெற்றிதான். ஆனா அதன் செலவை ஏற்பது நகரவாசி இல்லை, வடக்கே காட்டோரம் மாடு வளர்ப்பவர். கன்றுக்குட்டி போனால் அரசு நஷ்டஈடு தருகிறது, உண்மை. காட்டில் காணாமலே போன கன்றுக்கு யார் அத்தாட்சி தருவது? பயத்தில் மேயாமல் இளைத்துப்போன பசுவுக்கு? அதோடு, ஒரு விலங்கு மீண்டுவிட்டால் அதன் நிர்வாகத்தை மாநிலத்திடம் திருப்பிக் கொடுப்பதாகத்தானே சட்டம் சொன்னது? அமெரிக்காவில் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கான பணத்தில் பெரும்பகுதி வேட்டைக்காரர்களிடமிருந்தே வருகிறது. 1937-ஆம் ஆண்டுச் சட்டப்படி துப்பாக்கி, தோட்டாமீது போடும் வரி நேராகப் பாதுகாப்பு வேலைக்குப் போகிறது. இதை லேசாகத் தள்ளிவிட முடியாது.

எதிர்ப்பவர்கள் சொல்வது இது. மாடு கொல்லும் பிரச்சினை குறிப்பிட்ட சில பண்ணைகளில்தான் திரும்பத் திரும்ப வருகிறது. பொது வேட்டையில் சாகும் ஓநாய் அந்த மாட்டைக் கொன்ற ஓநாயாக இருக்க வேண்டிய அவசியமில்லை. காவல் நாய், இரவில் பட்டி, கயிற்றில் சிவப்புத் துணிகளைத் தொங்கவிடுவது என்று கொல்லாத வழிகள் இருக்கின்றன. இந்தச் சிவப்புத் துணிக் கயிறு சுவாரசியமானது. கிழக்கு ஐரோப்பாவில் ஓநாயை வளைத்து வேட்டையாடக் கண்டுபிடித்த உத்தி அது. இன்று அதையே ஓநாயைக் காப்பாற்றப் பயன்படுத்துகிறார்கள். ஆனா ஐடஹோ பண்ணைகளில் சோதித்தபோது சுமார் இரண்டு மாதம்தான் வேலை செய்தது. அதற்குப் பிறகு ஓநாய்க்குப் பழகிவிட்டது.

இன்னொரு ஆச்சரியமான கணக்கு. விஸ்கான்சினில் மான்மேல் கார் மோதும் விபத்து நிறைய. ஜெனிஃபர் ரேனரும் இரண்டு பொருளாதார ஆய்வாளர்களும் 2021-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஓநாய் வந்த மாவட்டங்களில் இந்த விபத்துகள் சராசரியாக 24 சதவீதம் குறைந்திருந்தன. ஓநாய்கள் சாலையோரமாகவே நடப்பதால் மான்கள் சாலைப் பக்கம் வரப் பயப்படுகின்றன என்பது அவர்கள் விளக்கம். இந்த மிச்சத்தின் பண மதிப்பு, ஓநாய் கொன்றதாக உறுதியான கால்நடைகளின் நஷ்டத்தைப்போல 63 மடங்கு. சரிதான். ஆனா லாபம் கார் ஓட்டுகிறவருக்கு, நஷ்டம் மாடு வளர்க்கிறவருக்கு. மொத்தத்தில் லாபம்னு சொன்னா அந்த விவசாயிக்குச் சோறு கிடைக்குமா?

6. ஒரே டேட்டா, இரண்டு முடிவு

"அப்ப ஓநாயைக் கொன்றால் மாடு சாவது குறையுதா இல்லையா? அதையாவது சொல்லுங்க" என்று கேட்பீங்க. கேட்கத்தான் வேணும்.

2014-ல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் வீல்கஸும் கேலி பீபிள்ஸும் 1987 முதல் 2012 வரை ஐடஹோ, மொன்டானா, வயோமிங் மாநிலங்களின் புள்ளிவிவரத்தை எடுத்து ஆராய்ந்தார்கள். ஓநாயைக் கொன்றால் அடுத்த வருஷம் கால்நடை இழப்பு குறையவில்லை, கூடுகிறது என்றார்கள். எண்ணிக்கையில் கால்வாசிக்கு மேல் கொன்றால்தான் இழப்பு குறையத் தொடங்குகிறது. கூட்டம் சிதறிப் புது ஜோடிகள் உண்டாவது காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். உலகமெங்கும் செய்தியானது.

2016-ல் வேறொரு குழு அதே டேட்டாவை எடுத்து வேறு மாடலில் ஓட்டியது. முடிவு தலைகீழ்: கொன்றால் அடுத்த வருஷம் இழப்பு குறைகிறது. வருஷா வருஷம் ஓநாயும் பெருகிக்கொண்டே வந்தது, கொல்வதும் கூடிக்கொண்டே வந்தது, இழப்பும் கூடியது. மூன்றும் சேர்ந்து ஏறும்போது காலப்போக்கை மாடலில் எப்படிச் சேர்க்கிறோம் என்பதை வைத்தே பிளஸ் மைனஸ் ஆகிவிடுகிறது. ரிக்ரஷன் ஓட்டத் தெரிந்த ஒவ்வொருவரும் பார்த்து வைக்க வேண்டிய சண்டை இது. இரண்டு கட்சிக்காரரும் தமக்குப் பிடித்த தாளை மட்டும் இன்றும் தூக்கிக் காட்டுகிறார்கள்.

7. செட் பாயின்ட் யார் வைப்பது?

இப்போ அந்த 350-க்கு வருவோம். வேட்டைத் தரப்பு அதைத்தான் பிடித்துக்கொண்டது: "திட்டத்தில் 350 என்று எழுதியிருக்கிறது, ஆயிரம் இருக்கிறது, மிச்சம் அதிகப்படி." எதிர்த்தரப்போ, அது 1999-ன் நிலைமையை வைத்துப் போட்ட பழைய எண் என்றது. ஓநாய் எத்தனை இருந்தால் அழியாது என்று உயிரியல் சொல்லலாம். காடு எத்தனையைத் தாங்கும் என்றும் சொல்லலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனை *இருக்க வேண்டும்* என்பதை எந்தச் சமன்பாடும் சொல்லாது. அது யாருடைய நஷ்டம், யாருடைய விருப்பம் எடை போடப்படுகிறது என்பதைப் பொறுத்தது.

இங்கேதான் ஒஜிப்வே மக்கள் வருகிறார்கள். அவர்கள் ஓநாயை மயீங்கன் என்கிறார்கள். அவர்களின் தோற்றக் கதையில் முதல் மனிதனும் மயீங்கனும் சகோதரர்களாகப் பூமி முழுக்கச் சேர்ந்து நடந்தவர்கள். ஒருவருக்கு நேர்வது மற்றவருக்கும் நேரும் என்பது அவர்கள் நம்பிக்கை. 1837, 1842 ஆண்டுகளின் ஒப்பந்தங்களில் நிலத்தை விட்டுக்கொடுத்தபோது அங்கே வேட்டையாடும் உரிமையைத் தங்களுக்கென்று வைத்துக்கொண்டார்கள். அந்த உரிமைப்படி வந்ததுதான் அந்த 81. அவர்கள் அதில் ஒன்றைக்கூடக் கொல்லப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தார்கள். அவர்கள் கணக்கில் அந்த 81 உயிரோடு இருக்க வேண்டியவை. ஓவர்ஷூட் தின்றது அவர்கள் பங்கையும் சேர்த்துத்தான். 99 என்ற பிழை எண்ணுக்குப் பின்னால் இப்படி ஒரு ஒப்பந்த மீறல் இருக்கிறது என்பது கிராஃபில் தெரியாது.

பிறகு என்ன ஆச்சு? 2021 நவம்பர் வேட்டைக்குத் துறையின் ஊழியர்கள் 130 என்று பரிந்துரைக்க, கொள்கை வாரியம் 300 என்றது. மாநில நீதிமன்றம் அந்த வேட்டையையே நிறுத்தியது. 2022 பிப்ரவரியில் மத்திய நீதிமன்றம் ஒன்று ஓநாயை மறுபடி பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. 2023-ல் விஸ்கான்சின் புதுத் திட்டம் போட்டது. அதில் 350 மாதிரி ஒற்றை எண் இலக்கு இல்லை. ஏறக்குறைய 800 முதல் 1,200 வரை என்று ஒரு வீச்சு. சென்சாரின் பிழையே அந்த அளவு இருக்கும்போது இது நேர்மையான மாற்றம் என்பது என் கருத்து. ஆனா ஒற்றை எண் இல்லாவிட்டால் துறையைக் கேள்வி கேட்க முடியாது என்று சட்டமன்ற உறுப்பினர்கள் பலர் எதிர்த்தார்கள். அதிலும் நியாயம் உண்டு.

8. நம்ம சட்டம் வேற ரூட்

இதுவரை பார்த்தது எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் முறை. எந்த ஓநாய் என்று பார்க்காது, எத்தனை என்று பார்க்கும். இன்னொரு முறை, எத்தனை என்று பார்க்காமல் எந்த விலங்கு என்று பார்ப்பது. இந்தியாவின் 1972 காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் இந்த ரூட். இங்கே பொழுதுபோக்கு வேட்டைக்கே இடமில்லை. புலி போன்ற விலங்கு மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்டால், அதுவும் பிடிக்கவோ மயக்கவோ இடம் மாற்றவோ முடியாது என்றால் மட்டுமே, தலைமைக் காட்டுயிர்க் காப்பாளர் எழுத்துமூலம் காரணம் சொல்லிக் கொல்ல அனுமதிக்கலாம்.

2021-ல் கூடலூர், மசினகுடி பக்கம் டி23 புலியை மூன்று வாரம் தேடியது ஞாபகம் இருக்கும். சுட்டுக் கொல்லலாமா என்ற கேள்வி உயர் நீதிமன்றம் வரை போனது. அக்டோபர் 15-ஆம் தேதி மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்து மைசூருக்கு அனுப்பினார்கள். ஒரு புலிக்கு டிரோன், கும்கி யானை, கேமரா, நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்கள். சரியான விலங்கைத்தான் பிடிக்கிறோமா என்று பார்க்கிற முறை இது. ஆனா அந்த மூன்று வாரமும் தோட்டத்துக்கு வேலைக்குப் போகப் பயந்து கிடந்தவர்களின் நாட்கள் இந்த முறையின் விலை. இந்த ரூட்டிலும் தாமதம் உண்டு. அங்கே தாமதத்தின் பாரம் ஓநாய்மீது விழுந்தது, இங்கே மனிதர்மீது.

9. நீங்க செய்ய வேண்டியது

படிச்சிட்டு லைக் போட்டுட்டுப் போகாம, கீழே இருக்கிறதை முயற்சி பண்ணுங்க.

ஒன்று. பைத்தானிலோ எக்செல்லிலோ ஒரு சின்ன சிமுலேஷன் எழுதுங்க. ஒரு நாளைக்குக் கொல்லும் வேகம், பதிவுத் தாமதம், மூடும் தாமதம், ஒதுக்கீடு. இந்த நான்கையும் மாற்றிப் பாருங்க. ஓவர்ஷூட் 5 சதவீதத்துக்குள் இருக்க எத்தனை பெர்மிட் தரலாம்? பதிவு நேரத்தை 24 மணியிலிருந்து ஒரு மணியாக்கினால் என்ன ஆகுது?

இரண்டு. ஆரம்ப எண்ணிக்கையாக 972 போடாமல், 812-க்கும் 1,193-க்கும் நடுவில் ரேண்டமாக எடுத்து ஆயிரம் முறை ஓட்டுங்க. உங்க "பாதுகாப்பான" ஒதுக்கீடு எத்தனை முறை ஆபத்தாகுது?

மூன்று. இது கோடு எழுத முடியாத கேள்வி. மாடு வளர்ப்பவர், வேட்டைக்காரர், கார் ஓட்டுகிறவர், ஒஜிப்வே பெரியவர். இந்த நான்கு பேரும் ஒரு மேஜையில் உட்கார்ந்தால் நீங்க செட் பாயின்டை எப்படி முடிவு பண்ணுவீங்க? யாருக்கு எத்தனை ஓட்டு? ஓநாய்க்காகப் பேச நாற்காலி உண்டா?

முதல் இரண்டுக்கும் விடை வந்துட்டா உங்களை நல்ல இன்ஜினியர்னு சொல்லலாம். விஸ்கான்சினில் முதல் இரண்டைச் சரியாகச் செய்திருந்தால் 99 ஓநாய்கள் தப்பித்திருக்கும். ஆனா மூன்றாவது அப்போதும் அப்படியேதான் இருந்திருக்கும். உங்க சிமுலேஷனையும், மூன்றாவது கேள்விக்கான பதிலையும் இதழுக்கு அனுப்புங்க. எல்லாரும் சேர்ந்து அலசுவோம்.